வெள்ளி நாணயம் வாங்கப் புகுமுன்: நெல்லைச் சீமையின் புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளிக்காசு இல்லாத வீடு குறைவு. குழந்தைக்குப் பெயர் சூட்டிய அன்று தாய்மாமன் கொடுத்தது, அட்சய திருதியைக்கு டவுன் ரத வீதிக் கடையில் வாங்கிய லட்சுமி படம் போட்டது, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் துணி முடிச்சுக்குள் கிடந்த ராஜா தலை ரூபாய் என்று பல வகைக் காசுகள் பெரும்பாலும் ஒரே டப்பாவில்தான் சேர்ந்து கிடக்கும். ஆனால் வாங்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும் இவை ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. சேமிப்புக்காகவோ சேகரிப்புக்காகவோ புதிதாக வெள்ளி நாணயம் வாங்கத் தொடங்குகிறவர் அந்தக் கணக்கை முதலில் கற்றுக்கொண்டால், பின்னால் படும் வருத்தங்களில் பாதி குறையும்.

எந்த வெள்ளி நாணயத்தின் விலையும் இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று, அதற்குள் இருக்கும் சுத்த வெள்ளியின் விலை. மற்றொன்று, அதற்கு மேல் நாம் கொடுப்பது: அச்சடித்த கூலி, உறை, கடையின் லாபம், வரி, பழைய நாணயமாக இருந்தால் அதன் அருமைக்கான விலை. இந்த இரண்டாம் பகுதியை மேல்விலை என்று வைத்துக்கொள்வோம். உலோகத்துக்காக வாங்குகிறவர் மேல்விலையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். சேகரிப்பாளர் அந்த மேல்விலைக்கு ஈடான அருமை நாணயத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். எதற்காக வாங்குகிறோம் என்று முடிவு செய்யாமல் இரண்டுக்கும் நடுவில் நின்று வாங்குகிறவர்தான் பெரும்பாலும் நட்டப்படுகிறார்.

கணக்கை எளிதாக்க வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது இன்றைய விலை அன்று, கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண் மட்டுமே. 10 கிராம் காசு ஒன்றில் உலோக மதிப்பு 1,000 ரூபாய். கடைக்காரர் செய்கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் சொல்கிறார். அதற்கு 3 சதவீத ஜிஎஸ்டி 34 ரூபாய் 50 காசு. ஆக நம் கையிலிருந்து போவது 1,184 ரூபாய் 50 காசு. மறுநாளே அவசரமாக விற்கப் போனால், அன்றைய வெள்ளி விலையில் 5 சதவீதம் கழித்துக்கொண்டு 950 ரூபாய் தருகிறார்கள் என்று கொள்வோம். போட்ட பணம் திரும்ப வேண்டுமானால் வெள்ளி விலை கிராமுக்கு ஏறத்தாழ 125 ரூபாயாக, அதாவது கால் பங்கு ஏற வேண்டும். இதையே 100 கிராம் நாணயமாக, 5 சதவீத மேல்விலையில் வாங்கி, 3 சதவீதக் கழிவில் விற்றால், வரியுடன் 10,815 ரூபாய் கொடுத்து 9,700 ரூபாய் வாங்குகிறோம். பதினொன்றரை சதவீத ஏற்றம் போதும். வெள்ளி ஒன்றுதான், ஆனால் சின்னக் காசாக வாங்கியவர் இரண்டு மடங்குக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வரியோடு சேர்த்து கிராமுக்கு என்ன விழுகிறது?" என்பது. இரண்டாவது கேள்வி, "இதையே நாளைக்குக் கொண்டுவந்தால் கிராமுக்கு என்ன கொடுப்பீர்கள்?" என்பது. இரண்டாவது கேள்வியைக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். மங்கலப் பொருள் வாங்கும் நேரத்தில் விற்பதைப் பற்றிப் பேசக் கூடாது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அந்த எண்ணத்தை மதிக்கிறவர்கள் நல்ல நாளில் ஒரு சின்னக் காசை வாங்கிப் பூசையில் வைத்துக்கொள்ளலாம். சேமிப்புக்கான வெள்ளியை, கூட்டமில்லாத வேறொரு நாளில், இரண்டு மூன்று கடைகளில் இதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு வாங்குவதே முறை. கழிவே இல்லாமல் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. அதைப் பில்லின் பின்புறம் எழுதித் தருவார்களா என்று கேட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். வங்கிகள் தாங்கள் விற்ற நாணயங்களைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கடைப் பலகையில் எழுதும் விலை எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. உலகச் சந்தையில் வெள்ளி டிராய் அவுன்ஸ் கணக்கில், டாலரில் விலை பேசப்படுகிறது. ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். டாலர் விலையை 31.1035 ஆல் வகுத்து, அன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கி, இறக்குமதி வரியைச் சேர்த்தால் உள்நாட்டு விலைக்கு அருகில் வந்துவிடும். வெள்ளி உலகச் சந்தையில் அசையாமல் இருந்தாலும் ரூபாய் சரிந்தால் நம் ஊர் விலை ஏறும். வரி குறைந்தால் இறங்கும். 2024 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, வீட்டில் வெள்ளி வைத்திருந்தவர்களின் கையிருப்பு மதிப்பு அந்த ஒரே அறிவிப்பில் இறங்கியது. வெள்ளி வாங்குகிறவர் உலோகத்தோடு ரூபாயின் போக்கையும் அரசின் வரிக் கொள்கையையும் சேர்த்தே சுமக்கிறார்.

இனி வகைகள். நகைக்கடைகளில் கிடைக்கும் லட்சுமி, பிள்ளையார், மயில் படங்கள் கொண்ட காசுகள் சட்டப்படி நாணயங்கள் அல்ல. நாணயத்தின் வடிவில் அடித்த வெள்ளி வில்லைகள். முகமதிப்பு கிடையாது. பெரும்பாலானவற்றில் 999 அல்லது 925 என்று தர எண் பொறித்திருக்கும். 999 என்பது ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி. 925 என்றால் 75 பங்கு செம்பு போன்ற பிற உலோகம். எண் பொறித்திருப்பதாலேயே தரம் உறுதியாகிவிடாது, ஏனெனில் அச்சில் எந்த எண்ணையும் வெட்டலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் முத்திரை வெள்ளிக்குக் கட்டாயமாக இல்லாமல் விருப்பத்துக்கு உட்பட்டதாகவே இருந்துவந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்யுஐடி குறியீடு வெள்ளிக்கும் அந்த விருப்ப முறையிலேயே வந்தது. அந்தக் குறியீடு உள்ள பொருளை, அதே அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டிப் பார்த்தால் விவரம் தெரியும். சில ரூபாய் கூடுதலானாலும் முத்திரை உள்ளதையே கேட்டு வாங்குங்கள் என்பேன். ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும்: சங்கரன்கோவிலில் நேர்த்திக்கடனுக்குப் போடும் பாம்பு, தேள் உருவத் தகடுகள் காணிக்கைக்கானவை, அவற்றின் தரத்தையும் விலையையும் வைத்து வெள்ளி நாணயத்தை எடைபோடக் கூடாது.

அரசு நாணயச் சாலைகள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் உள்ளன. அங்கே அச்சாகும் நினைவு நாணயங்கள் உண்மையான நாணயங்கள். ஆனால் முழு வெள்ளியாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்புக்காக வெளிவந்த 75 ரூபாய் நாணயத்தின் எடை 35 கிராம். அதில் பாதிதான் வெள்ளி, மீதி செம்பு 40 சதவீதம், நிக்கல் 5, துத்தநாகம் 5. அதாவது உலோகக் கணக்கில் அது பதினேழரை கிராம் வெள்ளி. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010-இல் அறிவிக்கப்பட்ட 1,000 ரூபாய் நாணயமும் 35 கிராம்தான். ஆனால் அதில் வெள்ளி 80 சதவீதம், எனவே 28 கிராம். பெரிய கோயிலின் உருவத்தை நாணயத்தில் வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற தமிழருக்கு அது சேகரிக்கத் தகுந்த நாணயமே. கிராம் கணக்கில் லாபம் பார்க்கிறவருக்கு அது உரியது இல்லை.

வெளிநாட்டு நாணயங்களில் அமெரிக்காவின் சில்வர் ஈகிள் 1986 முதலும், கனடாவின் மேப்பிள் லீஃப் 1988 முதலும் வருகின்றன. இரண்டும் ஒரு டிராய் அவுன்ஸ் எடை, ஈகிள் 999 தரம், மேப்பிள் லீஃப் 9999 தரம். சீனத்தின் பாண்டா 2016 முதல் 30 கிராமாக மாறிவிட்டது. கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் வளைகுடாவில் வேலை செய்யும் உறவினர் இல்லாத தெரு இராது. அவர்களிடம் சொல்லி வரவழைக்கலாம் என்று நினைக்கிறவர்கள், சுங்கச் சலுகை நகைக்கு மட்டுமே உரியது, நாணயத்துக்கும் கட்டிக்கும் பொருந்தாது என்பதை அறிய வேண்டும். விமான நிலையத்தில் அறிவித்து வரி கட்டி எடுத்துவந்தால், அந்த மேல்விலைக்கு நம் ஊரில் ஈடு கிடைப்பது அரிது. இங்குள்ள கடைக்காரர் அதையும் வெறும் வெள்ளியாகவே எடுப்பார்.

சேகரிப்பாளரின் உண்மையான களம் பழைய ரூபாய். ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், தரம் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, எனவே ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10.69 கிராம் சுத்த வெள்ளி உண்டு. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்தவை எல்லாம் இந்தக் கணக்கில் வருகின்றன. ஆறாம் ஜார்ஜ் காலத்தில்தான் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது: 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. எடை அதே 11.66 கிராம், முகமும் அதே அரசர் முகம், ஆனால் உள்ளே இருப்பது 5.83 கிராம் வெள்ளி மட்டுமே. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் 1944, 1945 ரூபாய்களை 1919 ரூபாயின் விலைக்கு ஈடாக எண்ணி ஏமாறுகிறவர்கள் நிறைய. ஆண்டைப் பார்க்காமல் பழைய ரூபாய்க்குப் பணம் கொடுக்கவே கூடாது.

பழமை மட்டும் அருமையைத் தருவதில்லை. 1918, 1919, 1920 ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் வெள்ளிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. 1918-இல் பிட்மன் சட்டத்தின்படி அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி விற்ற வெள்ளி இங்கே வந்து ரூபாயாக அச்சானது. நூறு ஆண்டு ஆகியும் அவை ஊருக்கு ஊர் கிடைக்கின்றன. தேய்ந்த காசாக இருந்தால் உலோக மதிப்பை விட்டு அதிகம் மேலே போக வேண்டியதில்லை. மாறாக 1911 ஆம் ஆண்டு ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அரசர் அங்கியில் தொங்கும் பதக்கத்தில் உள்ள யானை பன்றியைப் போலத் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டே தும்பிக்கையைத் திருத்தி அச்சடித்தார்கள். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு 1911 காசையும் 1912 காசையும் அருகருகே பார்த்தால் அந்தச் சின்ன யானையின் துதிக்கையில் வேறுபாடு தெரியும். இப்படிப்பட்ட காரணம் உள்ள காசுக்கே மேல்விலை நியாயம். அதே பூதக்கண்ணாடியில் பின்பக்கம் அடியிலுள்ள தாமரையையும் பாருங்கள்: கீழே ஒரு சிறு புள்ளி இருந்தால் பம்பாய் நாணயச் சாலையில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தாவில் அடித்தது. ஆண்டும் நாணயச் சாலையும் தேய்மானமும் சேர்ந்துதான் ஒரு காசின் விலையை முடிவு செய்கின்றன.

இவ்வாறு பழைய காசு தேடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பழைய நாணயத்துக்கு லட்ச லட்சமாகத் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி வரும் செய்திகள் மோசடி; ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் இதைக் குறித்து எச்சரித்திருக்கிறது. அடுத்தது, தாமிரபரணிக் கரையில் உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ காசுகள் கிடைப்பது நம் பகுதியில் புதிதில்லை. மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொற்கையும் ஆதிச்சநல்லூரும் இருக்கும் நாட்டில், அப்படிக் கிடைத்த காசை மலிவாகத் தருகிறேன் என்று யாரேனும் கொண்டுவந்தால் வாங்காமல் விலகுவதே நல்லது. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்ற செய்தியை இழந்த காசு வரலாற்றுக்கு ஊமையாகிவிடுகிறது. அது நம் எல்லாருக்கும் இழப்பு.

போலிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விலை ஏற ஏற அவை பெருகுகின்றன. காந்தச் சோதனை முதல்படி: வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, ஒட்டினால் அது போலி, சந்தேகமே வேண்டாம். ஆனால் செம்பும் ஈயமும் ஒட்டுவதில்லை ஆதலால், ஒட்டாததை வைத்து வெள்ளி என்று முடிவு கட்ட முடியாது. வீட்டிலேயே செய்யத்தக்க நம்பகமான சோதனை தண்ணீர்ச் சோதனை. நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறு எடைக்கருவி ஒன்று தேவை. முதலில் காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு சிறு டம்ளர் தண்ணீரைக் கருவியின் மேல் வைத்து எண்ணைச் சுழியாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி பிடிக்க வேண்டும். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் ஒருமுறை அசைத்து விடுங்கள். அப்போது கருவி காட்டும் எண் காசின் கன அளவு. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சுத்த வெள்ளிக்கு அது 10.49. ஒரு டிராய் அவுன்ஸ் நாணயம் தண்ணீரில் 2.96 அல்லது 2.97 காட்ட வேண்டும். வெள்ளி முலாம் பூசிய செம்பாக இருந்தால் எண் 3.47-ஐ நெருங்கும்.

பழைய ரூபாயிலும் இந்தச் சோதனை நன்றாகப் பேசும். 1919 ரூபாய் 1.13 அளவில் நிற்கும். 1944 ரூபாய் 1.22 அளவுக்குப் போகும். ஆனால் 925 தரத்தையும் 999 தரத்தையும் பிரித்துச் சொல்லும் நுட்பம் இதற்குப் போதாது, ஏனெனில் இரண்டின் அடர்த்தியும் மிக நெருக்கமானவை. பெரிய தொகைக்கு வாங்கும்போது, உருக்காமல் எக்ஸ் கதிரால் தரம் பார்க்கும் கருவி உள்ள கடையில் ஒருமுறை காட்டிவிடுவது பாதுகாப்பு. அந்தக் கருவியும் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது; தடித்த முலாம் அதை ஏமாற்றலாம். எனவே தண்ணீர்ச் சோதனையும் கருவிச் சோதனையும் சேர்ந்தால்தான் ஓரளவு உறுதி.

வாங்கியதைக் காப்பதில் நம் வழக்கங்களே சில நேரம் பகையாகின்றன. வெள்ளி கறுப்பது, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் மேற்பரப்பில் வெள்ளி சல்பைடாகப் படிவதால். குத்துவிளக்கைத் துலக்குவதுபோலக் காசையும் திருநீறு போட்டுத் துடைத்துப் பளபளப்பாக்குவது நம் வீடுகளில் இயல்பு. உருக்கப்போகும் காசுக்கு அதனால் கெடுதி பெரிதில்லை. ஆனால் சேகரிப்புக் காசின் மேல் அந்தத் துகள் ஓடினால், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். அறிந்தவர் அதைக் கண்டதும் விலையைக் குறைப்பார். கறுத்த பழைய காசைக் கறுத்தபடியே விடுங்கள். குங்குமம், சந்தனம் வைக்கும் பூசைக் காசைத் தனியே வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பூசையறைக்கு வெளியே காப்பது நல்லது. ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, எனவே கட்டி வைக்கக் கூடாது. மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். கெட்டியான அக்ரிலிக் மூடிகளே சரி. திருச்செந்தூர், உவரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்வதால், மூடியுடன் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் டப்பாவில் போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

எவ்வளவு வாங்கலாம் என்ற கேள்விக்கு வெள்ளியின் வரலாறே பதில் சொல்கிறது. 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கிய வெள்ளி, அதே ஆண்டு மார்ச் இறுதியில் 11 டாலருக்கும் கீழே விழுந்தது. 2011 ஏப்ரலில் மீண்டும் அந்த உயரத்தை நெருங்கித் திரும்பியது. அந்த 50 டாலர் எல்லையைத் தெளிவாகக் கடந்தது 2025 அக்டோபரில்தான். நாற்பத்தைந்து ஆண்டு காத்திருப்பு என்பது ஒரு தலைமுறையின் உழைக்கும் காலம் முழுவதும். தொழிற்சாலைத் தேவை பெரும் பங்கு வகிக்கும் உலோகம் ஆதலால், தங்கத்தைவிட இது வேகமாக ஏறும், வேகமாகவே இறங்கும். மகளின் கல்யாணத்துக்கோ மகனின் படிப்புக்கோ மூன்றாண்டில் தேவைப்படும் பணத்தை வெள்ளியில் போடுவதை நான் ஏற்க மாட்டேன். நீண்ட காலம் தொடத் தேவையில்லாத சேமிப்பில் ஒரு சிறு பங்கை, ஒரே நாளில் மொத்தமாகப் போடாமல் பல தவணைகளாக வாங்குவதே நிதானமான வழி. உலோகத்தைக் கையில் வைக்கும் விருப்பம் இல்லாதவர்களுக்கு 2022 ஜனவரி முதல் சில்வர் இடிஎஃப், அதாவது வெள்ளி விலையைப் பின்பற்றி, பங்கைப்போல வாங்கி விற்கத்தக்க நிதி அலகு, இந்தியப் பங்குச் சந்தையில் கிடைக்கிறது. அதில் செய்கூலியும் இல்லை, கறுப்பதும் இல்லை. நாணயத்தின் மேல் பற்று இல்லாமல் விலையேற்றத்தை மட்டுமே நாடுகிறவர் அதைப் பார்ப்பதே மேல்.

பில் இல்லாமல் வாங்கக் கூடாது. பில்லில் எடை, தரம், செய்கூலி, வரி ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். ஒரே வாங்கலில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடைக்காரர் பெறச் சட்டம் இடம் தரவில்லை. அந்தத் தொகையைத் தாண்டும் வாங்கலுக்கு பான் எண்ணும் வேண்டும். விற்கும்போது லாபத்துக்கு வருமான வரி உண்டு: 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23-க்குப் பிந்தைய விதிப்படி, 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் அவரவர் வருமான வரம்புக்குரிய விகிதம். வாங்கிய விலைக்குச் சான்று பில்தான் என்பதால், அதன் ஒளிநகலையும் எடுத்து வைக்க வேண்டும். வெப்பத்தாளில் அடித்த பில் இரண்டு கோடையில் வெளுத்துப்போகும்.

விற்காமல் அடகு வைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. தங்கம், வெள்ளியின் பேரில் கடன் கொடுப்பது குறித்து ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட நெறிமுறை, வெள்ளி நகைகளை ஒருவருக்கு 10 கிலோ வரையும் வெள்ளி நாணயங்களை 500 கிராம் வரையும் ஈடாக ஏற்க இடமளிக்கிறது. கட்டி வெள்ளிக்கு அந்த இடம் இல்லை. ஆகவே மேல்விலை குறைவு என்பதற்காக எல்லாவற்றையும் கட்டியாகவே வாங்கிவிடாமல், அரை கிலோ வரை முத்திரையுள்ள நாணயங்களாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் சேர்ப்பதைக் கட்டியாக வாங்குவது இன்றைய விதிகளுக்குப் பொருந்திய ஏற்பாடு.